உலகம்மாள் கொடுக்காத மதியம்

உலகம்மாளின் நொண்டல் அவளை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பால் வாங்கப் போனவள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் வலது கால் தரையில் முழுசாகப் பதிகிறது என்பதைக் கவனித்தாள். இருபது வருசமாக இடுப்பில் குடியிருந்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டுப் போனவர்களின் வீடுபோல வெறிச்சென்று கிடந்தது. தூக்குவாளியோடு திரும்பி வந்து பார்த்தால், வாசலில் நடிகை லயஸ்ரீ வலது காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"வந்துடுச்சும்மா," என்றாள் நடிகை, பல்லைக் கடித்துக்கொண்டு.

"வந்துட்டா? மேகம் இருட்டுனா கூடக் குத்தும் தாயி. கைய இடுப்புல குடுத்துக்கோ," என்றாள் உலகம்மாள்.

அதற்குமேல் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பால் காய்ச்ச வேண்டியிருந்தது.

கருவநல்லூர் பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர். அந்த ஊரில் பதினெட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு மதியம் உலகம்மாள் தன் புருசன் மாடக்கண்ணுவை அம்மிக்குழவியால் அடித்துக் கொன்றாள், பதினோரு வருசம் ஜெயிலில் இருந்தாள், திரும்பி வந்து அதே வீட்டில் அதே மூலையில் தட்டை மடியில் வைத்து மறுபடியும் பீடி சுற்ற உட்கார்ந்தாள் என்பது ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரிந்த கதை. அது பேப்பரில் வந்து, யாரோ ஒருவர் அதைப் புத்தகமாக எழுதி, கடைசியில் சினிமாக்காரர்கள் வந்து பழைய அரிசி ஆலைக்குள் அவள் வீட்டைப் போலவே இன்னொரு வீட்டைக் கட்டி, உடைந்த ஓடுகளைக்கூட எண்ணி உடைத்து வைத்து, உண்மைச் சம்பவம் என்று சொல்லிப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். உலகம்மாள் சம்மதித்ததற்குப் பெரிய காரணம் ஏதுமில்லை. வேண்டாம் என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும், அதை நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை.

உலகம்மாளாக நடிக்க வந்தவள்தான் லயஸ்ரீ. ஓட்டலில் தங்காமல் உலகம்மாளின் வீட்டிலேயே ஒரு மாசம் பாய் விரித்துப் படுத்தாள், பீடி சுற்றப் பழகினாள், உலகம்மாள் தும்மினால் அந்தத் தும்மலையும் பார்த்துவைத்தாள். முதல் ஒரு வாரம் நொண்டி நொண்டிப் பார்த்தும் அது நடிப்பாகத்தான் இருந்தது. இடுப்பில் விழுந்த மாடக்கண்ணுவின் உதை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவள் கேட்டதும், பின்னாலிருந்து வந்தது, தண்ணிக்குடத்தோடு குனிந்திருந்தபோது வந்தது என்று உலகம்மாள் சொன்னதும் திங்கட்கிழமை சாயங்காலம். மறுநாள் விடியும்போது நொண்டல் இடம் மாறிவிட்டது. உள்ளபடி தெரிந்தால்தான் வரும், ஒரு இழை பிசகினாலும் வராது என்பதை ரெண்டு பேரும் அன்றைக்கே புரிந்துகொண்டார்கள்.

வலி மட்டும் போகவில்லை, வலி வந்த கதையும் சேர்ந்து போனது. டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடுப்பெலும்பு விரிசல் இல்லாமல் முழுசாக இருந்தது. அடுத்த வாரம் மணிக்கட்டில் இருந்த எண்ணெய்த் தழும்பு போனபோது, அன்றைக்கு ஓடிவந்து மருந்து போட்ட பக்கத்து வீட்டு வெள்ளத்தாயிடம் உலகம்மாள் கேட்டாள்.

"நீதானளா வாழைச்சாறு பிழிஞ்சு விட்ட?"

"நானா? என்னைக்கு?" என்றாள் வெள்ளத்தாய். "நீ நல்லாத்தான இருந்த. ஒனக்கு ஒண்ணும் படலையே."

ஊர் இதை ரெண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் பயன்படுத்தப் பார்த்தது. காலையில் உலகம்மாளின் வாசலில் ஆஸ்துமாக்காரர்களும் மூட்டுவலிக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் தன்னுடைய தீராத விக்கலை நடிகையின் முகத்துக்கு நேராக விக்கிக் காட்டினார். பஞ்சாயத்துத் தலைவர் டைரக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, கதையில் எங்கேயாவது ஒரு சர்க்கரை நோயைச் சேர்க்க முடியுமா, சின்ன சீனாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார். ஒருத்தி தன் மாமியாரையே கூட்டிவந்து, "இவ கொணத்த எடுத்துக்கிடுங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்றாள். நடிகை எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சோர்வாகச் சொன்னாள்.

"கதையில இருக்கறதுதாங்க எனக்கு வரும்."

"கொடுத்து வச்ச மகராசி இந்த உலகம்மா. கொலை பண்ணுனாலும் பண்ணுனா, கால்வலி போச்சு," என்று முனகிக்கொண்டே ஊர் எழுந்து போனது.

உலகம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒருநாள் நடிகைக்குத் தலை வாரிவிடும்போது கேட்டாள். "படம் முடிஞ்சப்புறம் இதையெல்லாம் எங்க கொண்டு வைப்ப தாயி?"

"அடுத்த படத்துல கரைஞ்சிடும்மா. போன வருஷம் கண்ணு தெரியாத பொண்ணா நடிச்சேன். ஆறு மாசம் கண்ணு மங்கலாவே இருந்துச்சு. அப்புறம் வக்கீலா நடிச்சேன், சரியாப் போச்சு."

"யாரும் இதக் கேக்க மாட்டாகளா?"

"விருது குடுப்பாங்கம்மா," என்று சிரித்தாள் லயஸ்ரீ. இருபத்தேழு வயசுப் பெண்ணின் முகத்தில் அந்தச் சிரிப்பு உலகம்மாளின் சிரிப்பாக வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு பக்கம் மட்டும், கடன் வாங்கினதுபோல.

இப்படி ஒவ்வொன்றாகப் போய், தூக்கமில்லாமை போய், ஜெயிலில் பிடித்த இருமல் போய், கதவு தட்டினால் நெஞ்சு துள்ளுவதும் போய், கடைசியில் அந்த மதியம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதை வெள்ளிக்கிழமை எடுப்பதாக இருந்தார்கள். புதன்கிழமை அரிசி ஆலையில் பாதி சீனுக்கு ஒத்திகை பார்த்தார்கள். கட்டிலில் ஒரு நடிகர் மாடக்கண்ணுவாகப் படுத்திருக்க, லயஸ்ரீ காலை இழுத்துக்கொண்டு அடுப்பங்கரையிலிருந்து வந்து, அம்மியிலிருந்து குழவியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் உலகம்மாளின் வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நீல வார், இடது வாரில் கம்பி போட்டுக் கட்டியது, குதிகாலில் ஈரமண். பதினெட்டு வருசத்துக்கு முன் மாடக்கண்ணுவோடு சேர்த்து எரித்த செருப்பு.

தெரு வந்து பார்த்தது. யாரும் அலறவில்லை. செருப்பு வந்துவிட்டதென்றால் ஆளும் வந்துகொண்டிருப்பான் என்று எல்லாருக்கும் விளங்கியது. வலி போனால் வலி வந்த கதையும் போகிறது, கொலை போனால் கொலை நடந்த கதை எப்படி நிற்கும்? பஞ்சாயத்து ஆபீசில் இறப்புப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது மாடக்கண்ணுவின் பெயர் பாதி வெளிறியிருந்தது. டீக்கடையில் கணக்குப் போட்டார்கள்: வந்தால் முப்பத்தெட்டு வயசாக வருவானா, ஐம்பத்தாறாக வருவானா? உலகம்மாள் இருந்த பதினோரு வருச ஜெயிலை கவர்மெண்டு திருப்பிக் கொடுக்குமா?

"அதுக்கு மனு எழுதணும் வே," என்றார் ஓய்வுபெற்ற ஏட்டு.

"இத்தன வருசம் செத்துக் கெடந்தவன், கொஞ்சம் திருந்தியிருப்பான்," என்றார் ஒருவர்.

"செத்தவன் எப்படிடே திருந்துவான்? அங்க யாரு அவனுக்குப் புத்தி சொல்லிக் குடுக்கா?" என்றார் டீக்கடைக்காரர், விக்கலுக்கு நடுவே.

மாடக்கண்ணுவின் அக்கா பேச்சிக்கனி எதிர்வீட்டில் இருந்தாள். உலகம்மாள் ஜெயிலிலிருந்து வந்து ஏழு வருசமாகியும் அவளோடு ஒரு வார்த்தை பேசாதவள். ஒரே பீடிக் கடையில் இலை வாங்கி, ஒரே வேப்பமர நிழலில் பத்தடி தள்ளி உட்கார்ந்து, ஒரு நாளும் முகம் பார்க்காதவள். அன்றைக்குத் தெருவைக் கடந்து வந்து, செருப்பை எடுத்து, மண்ணோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். வீட்டில் தம்பி படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"ஏளா," என்றாள். ஏழு வருசத்தில் முதல் வார்த்தை. "அந்தப் பிள்ள ஒழுங்கா நடிக்கட்டும். நீ குறுக்க ஒண்ணும் பேசிராத."

"மதினி..."

"ஒனக்கும் நல்லதுதான? பாவம் போயிரும். தாலி திரும்பிரும். கல்யாண வீட்டுல ஒன்னிய முன்னால கூப்புடுவாக. கொலைகாரிங்கிற பேரு இல்ல. என் தம்பி எனக்கு. இதுல யாருக்கு நட்டம்?"

உலகம்மாள் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லப்போனால் அன்று மதியம் பூராவும் அவளும் அதையேதான் யோசித்தாள். களைத்துப்போயிருந்தாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு சோறு பிசைவதும், இந்தக் கையால் பேரப்பிள்ளையைத் தொடலாமா என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பதும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடையாளம் தெரிந்ததும் எழுந்து போவதும், எல்லாமே போய்விடும். ஒன்றும் செய்யாத கையாக ஆகிவிடும். வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அடி வாங்கினவள்தானே, இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்றுகூட ஒரு நேரம் நினைத்தாள்.

அப்போதுதான் திருப்பூரிலிருந்து மகள் செண்பகம் போன் செய்தாள். பனியன் கம்பெனியில் வேலை, நாலு வயசில் ஒரு பெண்பிள்ளை.

"அம்மா, என்னன்னு தெரியல, காலைலருந்து இடது தோள்பட்ட எரியுது. செவந்து கெடக்கு. நெருப்புக்கிட்ட நான் போகவே இல்ல. இவுக பாத்துட்டு, தோசக்கரண்டி முனை மாதிரி இருக்குங்காக."

உலகம்மாள் போனைக் காதில் வைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த மதியம் மாடக்கண்ணு சொன்னது அதுதான். பாட்டில் வாங்கி வர மாட்டேன் என்று காலையில் பதினொரு வயசு செண்பகம் எதிர்த்துப் பேசியிருந்தாள். "சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரட்டும், தோள்ல ஒரு சூடு வச்சாத்தான் அடங்குவா" என்று, சாயங்காலம் வரும்போது கத்திரிக்காய் வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சொல்லிவிட்டு, கரண்டியை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தான். அந்தச் சாயங்காலம் வரவில்லை. உலகம்மாள் வரவிடவில்லை. பதினெட்டு வருசமாக எங்கேயோ நின்றுகொண்டிருந்த அந்தச் சாயங்காலம் இப்போது நடந்து வந்துகொண்டிருந்தது.

"தேங்காயெண்ணெய் தடவு கண்ணு. நாளைக்கழிச்சுப் போயிரும்," என்றாள் உலகம்மாள்.

வியாழக்கிழமை காலையில் நடிகையே கேட்டாள். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கோர்ட்டுல நீங்க சொன்னது கேஸ் கட்டுல இருக்கு. ஆத்திரத்துல, என்ன செய்யறோம்னு தெரியாம அடிச்சேன்னு. ஆனா நேத்து குழவியத் தூக்கினப்போ எனக்கு ஆத்திரமே வரலம்மா. கை அமைதியா இருந்துச்சு. வீட்டு வேலை செய்யற மாதிரி. பயமா இருக்கு. நிஜமா எப்படி நடந்துச்சு?"

நிஜமாக அப்படித்தான் நடந்தது. ஆத்திரம் இல்லை. உலகம்மாள் கையிலிருந்த பீடித்தூளைக் கழுவிவிட்டு, ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு, எழுந்து போய், செய்ய வேண்டியதைச் செய்தாள். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டில் மிச்சமிருந்த இலையைச் சுற்றி முடித்தாள். நனைத்து வெட்டின இலை காய்ந்துபோனால் மடங்காது, முறிந்துவிடும், அன்றைக்கே சுற்றியாக வேண்டும். முடித்து, கட்டுக் கட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையை வாசலிலேயே மறித்து வெள்ளத்தாய் வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஸ்டேசனுக்கு நடந்தாள். இதை வக்கீலிடம் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "இலையைப் பத்தி மட்டும் கோர்ட்டுல மூச்சு விட்றாதம்மா, தூக்குதான்" என்றார். அதனால் அது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இந்தப் பெண் அப்படியே எடுத்துக்கொள்வாள்.

உலகம்மாள் வாழ்க்கையில் நாடகமேடை ஏறினவள் அல்ல. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில்கூட நின்றதில்லை. அன்றைக்கு நடித்தாள்.

மெல்ல மூச்சு வாங்க ஆரம்பித்தாள். கண்ணை அகலத் திறந்தாள். "ஆத்திரம் வரலையா? ஏ தாயி, எனக்கு உச்சந்தலையில தீப்பிடிச்ச மாதிரில்லா வந்துச்சு!" என்று கத்தியபடி எழுந்தாள், முடியை அவிழ்த்துவிட்டாள், சுவரில் அறைந்தாள், இல்லாத குழவியைத் தலைக்குமேல் தூக்கி நாலு தடவை, ஐந்து தடவை இறக்கினாள். "பாவி, பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். தரையில் விழுந்து புரண்டு, எச்சில் வழிய, என்ன செய்தேன் என்றே தெரியலையே என்று ஓலமிட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெள்ளத்தாய் ஓடிவந்து தண்ணீர் தெளித்தாள். நடிகை கண்ணைத் துடைத்துக்கொண்டே, கைவிரல் எப்படி மடங்குகிறது, குரல் எங்கே உடைகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அரிசி ஆலையில் லயஸ்ரீ அதை அப்படியே செய்தாள். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். லைட் பிடித்தவர்கள் அழுதார்கள். எதிர்வீட்டில், சாமி படத்துக்குக் கீழே பேச்சிக்கனி துணி விரித்து வைத்திருந்த செருப்பு மெல்ல மெல்லக் கனம் குறைந்து, அவள் பதறி அள்ளுவதற்குள் இல்லாமல் போனது. உள்ளங்கையில் கொஞ்சம் ஈரமண் மட்டும் ஒட்டியிருந்தது. பதிவேட்டில் மை கறுத்தது. திருப்பூரில் செண்பகம், எரிச்சல் நின்றுவிட்டது என்று சொல்லி இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நடிகை பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு எதுவும் வரலம்மா."

"வராட்டா என்ன தாயி. எல்லாமா வந்துரும்?"

லயஸ்ரீ குனிந்து பையை எடுத்தாள். "ரொம்ப நல்லா நடிச்சீங்கம்மா," என்றாள்.

"நீ சொன்னாச் சரிதான்," என்றாள் உலகம்மாள். காரில் ஏறும்போது நடிகை காலை இழுப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படம் வந்தது. ஓடியது. ஊருக்கு ஊர் அந்த நடிகையைத்தான் பேசினார்கள். எலும்பு வரைக்கும் அந்தப் பெண்ணாகவே மாறிவிட்டாள், கொலை செய்கிற அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் நடிப்பு தெரிகிறது என்று பேப்பரில் எழுதியிருந்தார்கள். விருதும் கிடைத்தது. கருவநல்லூரில் வேன் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, தங்கள் வீட்டு வாசல் ஒரு நொடி தெரிந்ததா இல்லையா என்று சண்டை போட்டார்கள். உலகம்மாள் போகவில்லை. பேச்சிக்கனி போனாள்.

மறுநாள் காலை வேப்பமரத்தடியில் பேச்சிக்கனி தட்டோடு வந்து, பத்தடி தள்ளி உட்காராமல், உலகம்மாளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து, வீட்டில் வேலை இருக்கிறது என்று போனார்கள்.

"ரெண்டாந்தரமும் கொன்னுட்டியேளா," என்றாள் பேச்சிக்கனி.

"ஆமா மதினி."

"மொதத் தடவ ஆத்திரத்துல செஞ்சேன்னு கோர்ட்டுல சொன்ன. நேத்து படத்துலயும் அந்தப் பிள்ள என்னமாக் கத்துது. இத்தன வருசம் அத நம்பித்தான் நான் ஒன் மூஞ்சிக்கு நேரா குடியிருந்தேன். ஆத்திரத்துல செஞ்சிட்டா, போறான்னு. இப்ப எந்த ஆத்திரத்துல செஞ்ச?"

உலகம்மாள் கத்திரியைக் கீழே வைத்தாள்.

"இப்ப மட்டுமில்ல மதினி. அப்பவும் ஆத்திரம் இல்ல."

சொன்னாள். கரண்டியைச் சொன்னாள், செண்பகத்தின் தோளைச் சொன்னாள், கையைக் கழுவினதைச் சொன்னாள், இலையைச் சொன்னாள். வக்கீல் பொத்திவைத்ததை, நடிகைக்குக் கொடுக்காததை, யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவளிடம் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. சொல்லி முடித்தும் அது அவளை விட்டுப் போகவில்லை, இருந்த இடத்திலேயே கனத்துக்கொண்டு இருந்தது.

பேச்சிக்கனி மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று உலகம்மாள் காத்திருந்தாள். அவள் தூற்றவில்லை. மடியிலிருந்த இலைகள் வெயில் பட்டுச் சுருளச் சுருளப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"சாப்ட்டிருந்தானா?"

"சாப்ட்டாக மதினி. நெத்திலிக் கொழம்பு. ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டாக."

"பசியோட போகல."

"இல்ல மதினி."

"கொழம்பு நல்லாருந்துச்சுன்னு சொன்னானா?"

"அவுக எதையும் நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாகல்லா."

"ஆமா," என்றாள் பேச்சிக்கனி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. "சின்னதுலயே சொல்ல மாட்டான்."